கோப்பை உறவினர் கையில்

1971 ஜூன். கிழக்கு பாகிஸ்தானில் பாகிஸ்தான் ராணுவத்துக்கு அஞ்சி எல்லை தாண்டிய அகதிகளால் மேற்கு வங்கத்தின் போன்காவ் திணறிக்கொண்டிருந்தது. முகாம்களில் காலரா. ஊர் மருத்துவமனையில் காலரா நோயாளிகளுக்கு இரண்டே அறைகள், 16 கட்டில்கள். மற்றவர்கள் தரையில் கிடந்தார்கள். கல்கத்தாவிலிருந்து வந்த டாக்டர் திலீப் மஹாலனாபிஸிடம் சலைன் பாட்டில்கள் வேகமாகத் தீர்ந்தன. அவற்றை ஏற்றத் தெரிந்தவர்களும் குறைவு.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கரைத்து டிரம்களில் ஊற்றிக் குழாய் வைத்தார். கோப்பையைத் தாயிடமும் தம்பியிடமும் கொடுத்துவிட்டார். நோயாளி குடிக்கும் மட்டும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். குடிக்க முடியாத அளவுக்குத் துவண்டு வந்தவர்களுக்கே முதலில் சலைன்.

முகாமில் 30 சதவீதத்தைத் தொட்ட சாவு, அவரது பராமரிப்பில் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. மருந்தைப் படிக்காத அகதியிடம் ஒப்படைப்பதா என்று முகம் சுளித்த நிபுணர்கள் நம்ப வருஷங்கள் ஆயின. (அரசும் அவசரப்படவில்லை. 2022ல் அவர் இறந்தார். பத்ம விபூஷண் அடுத்த ஆண்டு வந்தது.)

சுதந்திர வங்கதேசத்தில் குளுகோஸ் பொட்டலத்துக்கும் வழியில்லாத கிராமங்கள் ஏராளம். 1980 முதல் பத்தாண்டுகள் 'பிராக்' அமைப்பின் பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மார்கள் தங்கள் கையாலேயே கரைத்துப் பழகினார்கள். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்குக் கூலி உடனே முழுசாகக் கிடைக்காது. பிறகு வேறொருவர் போய் விசாரிப்பார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் பணம்.