உங்களுக்குத் தெரியுமா? விரிசல் கண்ட பிறகும் வேலைக்கு அழைத்தார்கள்!

2013 ஏப்ரல் 23. வங்கதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சவாரில், எட்டு மாடி ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் உடனே மூடப்பட்டன. மேல்தளத்து ஆயத்த ஆடை ஆலைகளோ, மறுநாள் காலை வேலைக்கு வந்தே ஆக வேண்டும் என்றன. வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்ற மிரட்டல் வேறு. அந்த மறுநாள் கட்டடம் சரிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலோர் பெண்கள். அப்போது ஆடைத் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்ச மாத ஊதியமே வங்கதேச நாணயத்தில் 3,000 டாக்காதான்!

இத்தனை உயிர் போன பிறகே, தொழிற்சங்கங்களுடன் பன்னாட்டு ஆடை நிறுவனங்கள் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இழப்பீட்டு நிதிக்கான 3 கோடி டாலர் சேர 2015 ஜூன் வரை ஆனது. அதையும் நிறுவனங்கள் கொடுத்தது நன்கொடையாக, கடமையாக அல்ல.