யூதத் தெருவின் கதையைச் சிறுவர்க்குச் சொல்வது யார்?

மட்டாஞ்சேரி: யூதச் சிறுமியைப் பற்றித் தம் முதல் சிறுவர் நாவலை எழுதும் ஒருவர் அதை இங்குள்ள யூதத் தெருவில் வெளியிட முனைந்தால், கேட்பதற்கு யூதக் குழந்தைகள் இல்லை. இஸ்ரேல் உருவான பின் பெரும்பாலான குடும்பங்கள் அங்கே குடியேறிவிட்டன. பரதேசி யூதரில் கடைசிப் பெண்மணியாகக் கருதப்பட்ட குவீனி ஹலேகுவா 2024-ல் காலமானார்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. இந்தியத் தாய்க்குப் பிறந்த யூதச் சிறுமியை நாயகியாக்கிய பவுலா ஃப்ரீட்மனின் முதல் நாவல் 2013-ல் அங்கே வெளியானது. யூதச் சிறுவர் நூல்களுக்கென்றே சிட்னி டெய்லர் விருதும் உண்டு.

1568-ல் எழுந்த மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்துக்கு வரும் பயணிகள், கொச்சி மன்னர் தம் அரண்மனை அருகே யூதர்களுக்கு இடமளித்த நல்லிணக்கக் கதையைக் கேட்கின்றனர். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்களுக்கு அதே ஆலயத்தில் சம உரிமை மறுக்கப்பட்டது. 'யூத காந்தி' எனப்பட்ட வழக்கறிஞர் ஏ.பி. சேலம் சத்தியாகிரகம் செய்தே அதை எதிர்க்க வேண்டியிருந்தது.

அப்பிரிவில் 1912-ல் பிறந்தவர் ரூபி டேனியல். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படை மகளிர் பிரிவில் பணியாற்றி, 1951-ல் இஸ்ரேல் சென்றார். எண்பது வயதைக் கடந்த பின், மானுடவியலாளர் பார்பரா ஜான்சனுடன் இணைந்து 1995-ல் 'ரூபி ஆஃப் கொச்சின்' என்ற நினைவு நூலை வெளியிட்டார். அது நாவலல்ல, சிறுவர்க்கென எழுதப்பட்டதுமல்ல. ஆயினும் பாட்டி சொன்ன கதைகளும் பண்டிகைகளும், கூடவே அந்த அவமதிப்பும் அதில் உள்ளன.

குழந்தைகளுக்கு எதற்கு அடிமை வரலாறு எனப் பதிப்பாளர் தயங்கக்கூடும். ரூபி அதை அறிந்ததோ குழந்தையாக இருந்தபோதுதான்.