ஜெராய் மலை ஏறிப் பார்ப்போம்!

சுங்கைப் பட்டாணி, பீடோங், செமெலிங் வட்டாரத் தோட்டங்களில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் ஜெராய் மலையைக் கை நீட்டிக் காட்டும். "ஏறியிருக்கியா?" என்று கேட்டால்தான் விழிக்கும். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த மலையடியில் பால்மரம் சீவிய நம்மில் எத்தனை பேர் ஏறியிருக்கிறோம்?

நம் பெரியவர்களுக்கு ஜெராய் ஒரு மழைக்குறி. பெரட்டுக்கு வரும்போதே நிமிர்ந்து பார்ப்பார்கள். "மலை முண்டாசு கட்டிருச்சு, இன்னிக்கு வெட்டு கெடையாது" என்பார்கள். ஈர மரத்தில் கத்தி வைத்தால் பால் கோப்பையில் சேராது, பட்டையில் வழிந்தோடும். அன்றையக் கூலியும் அதோடு போய்விடும். இன்று ரப்பர் நின்ற இடமெல்லாம் செம்பனை. லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோனவர்கள் பலர். மலை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

அந்த மலைக்கு ஒரு விடுமுறை நாளில் புறப்பட்டோம். யான் பக்கம் ஸ்ரீ பெரிகி அருவியோரம் ஏறி, குரூண் பக்கத் தார்ச் சாலையில் இறங்குவது என்று திட்டம். நடக்க முடியாத பெரியவர்கள் அந்தச் சாலை வழியே சோற்று மூட்டையோடு வேனில் மேலே வந்து சேர்ந்தார்கள்.

ஏறுமுன் வானத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி இம்மலையில் கொட்டிய மழையால் திடீர் வெள்ளம் மரங்களையும் பாறைகளையும் புரட்டிக்கொண்டு இறங்கி, ஆறு உயிர்களைக் கொண்டு போனது. கீழே வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்யலாம். ஆற்று நீர் கலங்கினால், குச்சியும் சருகும் மிதந்து வந்தால், உடனே கரையேறி மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

ஜெராயின் உயரம் 1,217 மீட்டர். உச்சிக்குக் கீழே ஒரு முகட்டில் நின்று பார்த்தோம். வடக்கே பச்சைப் பாயாய் நெல்வயல். மேற்கே மலாக்கா நீரிணை. தெற்கே மெர்போக் ஆறு, அதன் கரையில் கண்டல் காடு, அதற்கப்பால் மங்கலாகப் பினாங்குத் தீவு. சமவெளியில் தனியாக எழுந்து நிற்கும் இந்த மலைதான் அந்நாளில் வங்கக் கடலைத் தாண்டி வந்த மரக்கலங்களுக்கு அடையாளம். மலையைக் கண்டால் கடாரம் வந்துவிட்டது என்று பொருள்.

கடாரம் என்றதும் 1025-இல் இராசேந்திர சோழன் எடுத்த படையெடுப்பைத்தான் சொல்வோம். அதற்கு முன்பே, இராசராச சோழன் காலத்தில், கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளி எழுப்பினார். சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். போருக்கு முன்னால் உறவும் வாணிபமும் இருந்தன.

இறங்கிய பிறகு மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அரும்பொருளகத்துக்குப் போனோம். புக்கிட் பத்து பகாட் கருங்கல் கோயில் அங்கேதான், மலையடியில் ஓடையோரம் நிற்கிறது. செமெலிங் பக்கம் சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்து, பழைய இரும்பு உருக்கிய இடங்களைக் கண்டெடுத்தார்கள். அதுவும் தோட்டக் காடுதான்!

எங்களோடு வந்த ஒரு பாட்டி செங்கல் அடித்தளத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நெரையில இந்த மாதிரி கல்லு காலுல இடறும்பா. அடுப்புக் கூட்ட எடுத்துக்கிட்டு வந்துருவோம். கோயிலு கல்லுன்னு எங்களுக்கு யாரு சொன்னா?" என்றார்.

யாரும் சொல்லவில்லை. அதுதான் நமக்கு வலித்தது. அறியாமல் ஒரு கல்லை எடுத்த பாட்டியை மன்னிக்கலாம். 2013-இல் பதினோராம் எண் சண்டி என்ற கோயிலின் அடித்தளமே நில மேம்பாட்டுக்காக இயந்திரத்தால் இடிக்கப்பட்டது. தனியார் நிலம், அரசிதழில் பதிவாகவில்லை என்று காரணம் சொன்னார்கள். பிறகு எழுந்த கூச்சல் முன்பே எழுந்திருந்தால் அந்த இடம் தப்பியிருக்கும்.

பாட்டாளித் தோழர்களே! தோட்டத்தில் குழி வெட்டும்போதோ, கான் தோண்டும்போதோ பழஞ்செங்கல், மணி, பானை ஓடு தட்டுப்பட்டால் வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டு, மாவட்ட அலுவலகத்தில் தெரிவியுங்கள். 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. நிலம் நம் பெயரில் இல்லாவிட்டாலும், அதில் அன்றாடம் நடக்கும் கண் நம்முடையது.

வேன் ஏறும்போது பாட்டி மலையைத் திரும்பிப் பார்த்தார். "நாப்பது வருஷம் கீழ நின்னு மரத்தத்தான் பாத்தேன். இன்னிக்குத்தான் மேல நின்னு தோட்டத்தப் பாத்தேன்."

அடுத்த பள்ளி விடுமுறைக்கு உங்கள் பிள்ளைகளையும் அழைத்துப் போய்க் காட்டுங்கள்.