கீரைக்கு லஞ்சமா?

ஜலகண்டாபுரத்தில் மாம்பழம் தின்னும்படி எந்தக் குழந்தையையும் கெஞ்ச வேண்டியதில்லை. சேலம் ஜில்லாவில் பிறந்த பாக்கியம் அது! மல்கோவா வந்துவிட்டால், குழந்தைகள் கண்ணில் படாமல் ஒளித்து வைப்பதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம். கீரை என்றாலோ கதை வேறு. "இதை விழுங்கு கண்ணு, மிட்டாய் தருகிறேன்" என்று பேரம் ஆரம்பமாகிறது.

இது நஷ்ட வியாபாரம். லீன் பர்ச் என்னும் அமெரிக்க மனோதத்துவ நிபுணரும் அவருடைய சகாக்களும் 1984-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். வெகுமதிக்காக ஒரு பானத்தைக் குடித்த குழந்தைகளுக்கு, அதன் மீதிருந்த விருப்பம் முன்னிலும் குறைந்துபோயிற்று. கூலி கொடுத்துச் செய்விக்கும் காரியம் நல்லதாய் இராது என்று எண்ணிவிட்டன போலும்! தறி ஓடும் ஊரில் வளரும் குழந்தைக்குக் கூலியைப் பற்றி நாம் சொல்லித் தரவும் வேண்டுமா?

அதே அம்மையாரின் 1982-ஆம் வருஷத்து ஆராய்ச்சி வேறு வழி காட்டுகிறது. இரண்டு வயதுக் குழந்தைகள், பல தடவை ருசி பார்த்த பண்டத்தையே அதிகம் விரும்பின. ஆகவே தினம் ஒரு சிறு கவளம், சண்டையில்லாமல் கொடுத்து வரலாம். தகப்பனாரும் தம் இலையில் கீரையை ஓரங்கட்டக் கூடாது.

விஷயம் விளையாட்டல்ல. 1970-ல் இந்திய சர்க்கார் குழந்தைகளுக்கு வைட்டமின் 'ஏ' திரவம் கொடுக்கத் தொடங்கியது, கண் பார்வையைக் காப்பதற்காகத்தான். முருங்கைக் கீரையிலுள்ள கரோட்டின் சத்து உடம்பில் அந்த வைட்டமினாக மாறுகிறது. சிறிது நெய் சேர்த்தால் நன்றாக உடம்பில் சேரும். மாம்பழக் காலம் போன பிறகு பப்பாளி இருக்கிறது. கொல்லையில் ஒரு மரம் போதும்.