சொத்தைப் பல்லா? பிடுங்கும் முன் யோசிங்க! அடைத்தாலே பல ஆண்டு தாங்கும்

சென்னை:

சூடாக டீ குடித்தால் சுரீர். ஐஸ் வாட்டர் குடித்தால் விண். முறுக்கு கடிக்க வேண்டும் என்றால் ஒரு பக்கமாக ஒதுக்கித்தான் மெல்ல வேண்டும். பல்லில் சொத்தை விழுந்தவர்கள் தினமும் படும் பாடு இது.

ஆனாலும் ஆஸ்பத்திரி பக்கம் போக மனசு வராது. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. ஊசி, மெஷின் சத்தம் என்றால் பயம் வேறு. கடைசியில் வலி தாங்க முடியாமல் போனதும், "பேசாம புடுங்கிடுங்க டாக்டர்" என்று நாற்காலியில் உட்காருகிறவர்கள் ஏராளம்.

சின்ன ஓட்டையாக இருக்கும்போதே வந்திருந்தால், அரை மணி நேரத்தில் அடைத்து அனுப்பியிருக்கலாம். அந்தப் பல் இன்னும் பல ஆண்டுகள் வாயிலேயே இருந்திருக்கும்.

ஓட்டை விழுவது எப்படி?

பல்லின் மேல் உறைக்கு எனாமல் என்று பெயர். நம் உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருள் இதுதான். எலும்பை விடவும் உறுதி. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. எனாமலில் உயிரணுக்கள் கிடையாது. கை எலும்பு முறிந்தால் கூடி விடும். எனாமலில் ஓட்டை விழுந்தால் தானாக மூடாது.

வாயில் எப்போதும் கிருமிகள் இருக்கும். நாம் தின்னும் இனிப்பு, மாவுப்பண்டம்தான் அவற்றுக்கும் சாப்பாடு. சாப்பிட்டு விட்டு அமிலத்தைக் கக்கும். அந்த அமிலம் எனாமலை அரிக்கும்.

ஒரு தடவை இனிப்பு வாயில் போனால் சுமார் அரை மணி நேரம் இந்த அரிப்பு நடக்கும். ஒரு நாளைக்கு 6 தடவை சர்க்கரை போட்ட டீ குடித்தால், 3 மணி நேரம் பல் அமிலத்தில் ஊறுகிறது என்று அர்த்தம். எவ்வளவு சர்க்கரை என்பதோடு, எத்தனை தடவை என்பதும் முக்கியம்.

முதலில் சுண்ணாம்பு வைத்த மாதிரி வெள்ளைத் திட்டு தெரியும். இந்தக் கட்டத்தில் புளோரைடு உள்ள பேஸ்ட்டால் காலை, இரவு 2 வேளையும் தேய்த்து வந்தால் சரியாக வாய்ப்பு இருக்கிறது. அதைத் தாண்டி ஓட்டை விழுந்து விட்டால் பேஸ்ட்டால் பலன் இல்லை. அடைக்கத்தான் வேண்டும்.

பல்லில் பூச்சி இருக்கா?

"பல்லுல பூச்சி இருக்கு, எடுத்துடுறேன்" என்று சொல்லி புழுவை எடுத்துக் காட்டுகிறவர்கள் இன்னமும் உண்டு. பல்லுக்குள் பூச்சியும் கிடையாது, புழுவும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிதான் காரணம்.

வலிக்கும் பல் பக்கத்தில் மாத்திரையைப் பொடித்து வைப்பது, புகையிலையை அடக்குவது போன்ற கை வைத்தியமும் ஆபத்து. ஈறு வெந்து புண்ணாகும். சொத்தை அப்படியேதான் இருக்கும்.

அடைக்கும்போது என்ன செய்கிறார்கள்?

கொத்தனார் வேலை தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பெயர்ந்த பூச்சின் மேல் அப்படியே கலவையை அப்பினால் நிற்குமா? உதிர்ந்ததைக் கொத்தி எடுத்து விட்டுத்தான் பூச வேண்டும். பல்லும் அப்படித்தான்.

சொத்தை ஆழமாக இருந்தால் முதலில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். பிறகு அழுகிய பகுதியை மெஷினால் சுரண்டி எடுப்பார்கள். குழியைச் சுத்தம் செய்து, ஈரம் படாமல் பஞ்சு வைத்து, அடைக்கும் பொருளை உள்ளே வைப்பார்கள். கடைசியில் கடித்துப் பார்க்கச் சொல்லி, மேடாக இருந்தால் தேய்த்து விடுவார்கள். அவ்வளவுதான்.

பல்லை அடைப்பது புதுசும் இல்லை. சுலோவேனியா நாட்டில் கிடைத்த 6,500 ஆண்டு பழைய தாடை எலும்பில், விரிசல் விட்ட பல்லில் தேன்மெழுகு வைத்திருந்ததை விஞ்ஞானிகள் 2012-ம் ஆண்டு வெளியிட்டனர்.

3 வகை அடைப்பு

* சிமெண்டு: கண்ணாடித் தூளையும் ஒரு வகை அமிலத்தையும் குழைத்து வைப்பது. பல்லோடு தானாகவே ஒட்டிக்கொள்ளும். புளோரைடையும் கொஞ்சம் கொஞ்சமாக விடும். விலை குறைவு. குழந்தைகளின் பால் பல்லுக்கும், ஈறு ஓரத்தில் விழும் பள்ளத்துக்கும் ஏற்றது. ஆனால் கடைவாய்ப் பல்லில் பெரிய ஓட்டை என்றால் சீக்கிரம் தேய்ந்து விடும்.

* பல் நிற அடைப்பு: காம்போசிட் என்பார்கள். பிசின் மாதிரியான பொருளில் நுண்ணிய கண்ணாடித் துகள் கலந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒவ்வொரு அடுக்கிலும் நீல விளக்கு காட்டினால் சில நொடியில் கெட்டியாகி விடும். சிரித்தால் அடைத்ததே தெரியாது. செலவு கூடுதல்.

* வெள்ளி அடைப்பு: வெள்ளி, தகரம், செம்பு கலந்த தூளைப் பாதரசத்தில் குழைத்து வைப்பது. கடைவாய்ப் பல்லில் நன்றாக உழைக்கும். முழு உறுதி வர 24 மணி நேரம் ஆகும். அதுவரை அந்தப் பக்கம் கடிக்கக் கூடாது.

பாதரசம் என்றால் பயமா?

வெள்ளி அடைப்பில் ஏறக்குறைய பாதி பாதரசம்தான். அதனால் சுற்றுச்சூழல் கெடுகிறது என்று உலகம் முழுவதும் இதன் உபயோகத்தைக் குறைத்து வருகிறார்கள். ஐரோப்பிய யூனியன் நாடுகளில் 2025 ஜனவரி முதல், டாக்டர் அவசியம் என்று கருதினால் தவிர இதற்குத் தடை.

அதற்காக, ஏற்கனவே வைத்த வெள்ளி அடைப்பை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். நல்ல நிலையில் இருப்பதைப் பெயர்த்தால்தான் பாதரச ஆவி அதிகம் வெளியேறும். நல்ல பல்லும் கொஞ்சம் போகும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகளுக்கு மட்டும் வேறு வகை அடைப்பு வைப்பது நல்லது.

எப்போது அடைக்க முடியாது?

குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீர் என்று வலித்து உடனே அடங்கி விட்டால், பெரும்பாலும் அடைத்தாலே போதும். வலி ஆரம்பித்தால் நிற்கவே இல்லை, ராத்திரி தூங்க விடாமல் தெறிக்கிறது என்றால் சொத்தை நரம்பு வரை போயிருக்கலாம். அப்போது வேர் சிகிச்சை செய்ய வேண்டி வரும். நாட்களும் கூடும், செலவும் பல மடங்கு கூடும்.

கன்னம் வீங்கி, காய்ச்சல் வந்து, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பல்லில் பிடித்த சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

பிடுங்கினால் தொல்லை தீர்ந்ததா?

இல்லை. ஒரு கடைவாய்ப் பல் போனால் பக்கத்துப் பல் அந்தச் சந்தில் சாயும். எதிர்ப் பல் இறங்கும். சந்தில் சோறு மாட்டி அடுத்த சொத்தைக்கு வழி பண்ணும். கட்டுப்பல் வைக்கப் போனால், அடைப்புக்கு ஆகும் செலவை விட அதிகம்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. 6 வயதில் கடைசியாக முளைக்கும் கடைவாய்ப் பல், பால் பல் இல்லை. அது நிரந்தரப் பல். "விழுந்து முளைக்கிற பல்லுதானே" என்று விட்டு விட்டால் மறுபடி முளைக்காது.

அடைத்த பிறகு...

மரத்துப்போன உதடு சரியாக சில மணி நேரம் ஆகும். அதுவரை சூடாக எதுவும் சாப்பிட வேண்டாம். குழந்தைகள் தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொள்ளும். பார்த்துக்கொள்ள வேண்டும். சில நாள் லேசாகக் கூச்சம் இருப்பது சகஜம். கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால், திரும்பப் போய்க் காட்டினால் தேய்த்துத் தருவார்கள்.

எங்கே போவது?

சென்னையில் கோட்டை ரெயில் நிலையம் எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் மாவட்ட அரசு ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் காட்டலாம். காலையிலேயே போய் சீட்டு வாங்குவது நல்லது. தனியார் கிளினிக் என்றால் பி.டி.எஸ். படித்துப் பதிவு செய்த டாக்டர்தானா, ஒவ்வொருவருக்கும் சுத்தம் செய்த கருவி எடுக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

அரை நாள் கூலி போனாலும் பரவாயில்லை. நாக்கில் ஓட்டை தட்டுப்பட்ட வாரமே போய்க் காட்டி விட்டால், பல்லும் மிஞ்சும், பணமும் மிஞ்சும்.