கிழங்குக்கு மார்க் போடும் தராசு

சின்னசேலம் பக்கம் மரவள்ளி போட்டவரிடம் "என்ன விலைக்குப் போச்சு?" என்று கேட்டால் மட்டும் போதாது, "எத்தனை பாயிண்ட்?" என்றும் கேட்க வேண்டும். கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் விளையும் கிழங்கை வாங்குவது ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகள். ஆலைக்காரர்களுக்கு வேண்டியது மாவு. கிழங்கிலோ பாதிக்கு மேல் தண்ணீர். ஆகவே மாவுச்சத்துக்கு 'பாயிண்ட்' என்று ஒரு மார்க் போட்டு, அதை வைத்து விலை பேசுகிறார்கள்.

பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 28 பாயிண்ட் கிழங்கு டன் 8,400 ரூபாய். 26 என்று சொல்லிவிட்டால் 7,800. பத்து டன் லோடில் 6,000 ரூபாய் போயிற்று.

கிழங்கை அரைக்காமலே மாவை அளக்க ஒரு தராசும் ஒரு தொட்டித் தண்ணீரும் போதும். எல்லாம் ஆர்க்கிமிடீஸ் கணக்குதான். மாவுத் துகளின் அடர்த்தி தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மாவு கூடினால் கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனக்கும். வெளியே சரியாக 5 கிலோ நிறுத்த கிழங்கைக் கூடையோடு முக்கினால் அரைக் கிலோவை ஒட்டித்தான் எடை காட்டும். அந்தச் சிறிய எடைதான் பாயிண்டாக மாறுகிறது. சில பத்து கிராம் முன்பின் ஆனாலே மார்க் ஏறும், இறங்கும்.

அதனால் சின்ன விஷயமும் பெரிதாகிவிடும். ஒட்டியிருக்கும் மண் தண்ணீரிலும் கனம் என்பதால் பாயிண்டைக் கூட்டிக் காட்டும். கழுவித்தான் நிறுக்க வேண்டும். கிழங்கில் ஒட்டிய காற்றுக் குமிழி குறைத்துக் காட்டும். கூடை தொட்டியின் சுவரில் உரசினாலும் போச்சு. வயலிலேயே மாறுவதும் உண்டு: வறட்சிக்குப் பிறகு நல்ல மழை பெய்து செடி புதுத் துளிர் விட்டால், சேர்த்து வைத்த மாவை அதற்கே செலவழித்துவிடும். பிடுங்கிய கிழங்கும் இரண்டு மூன்று நாளில் கெடத் தொடங்கும் என்பதால், மார்க் பிடிக்கவில்லை என்று லோடைத் திருப்பிக் கொண்டுபோவது எளிதல்ல.

என் பார்வையில், தராசைவிடக் கூடையைத்தான் கவனிக்க வேண்டும். பத்து டன்னுக்கும் சேர்த்து மார்க் வாங்கித் தருவது அந்த 5 கிலோ. அது லோடின் மேலிருந்து எடுத்ததா, அடியிலிருந்தா, பருத்ததா, நார் ஓடியதா? எடுப்பவர் பெரும்பாலும் வாங்குகிறவரின் ஆள். மதிப்பிடுகிறவரும் காசு கொடுக்கிறவரும் ஒரே தரப்பு.

இதே கிழங்கு ஜவ்வரிசியாகி, 1981இல் சேலத்தில் தொடங்கிய ஆலையாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வுக்குப் போனால், அங்கே ஆய்வகத்தில் சோதித்த பிறகே விற்பனைக்கு வருகிறது. ஆலைக்காரருக்குக் கிடைக்கும் அந்தப் பொதுச் சோதனையை, கிழங்கு இறங்கும் இடத்திலும் வைத்தால் என்ன?