இன்ஜின் மிஸ் அடிக்குதா? கார்பரேட்டரைக் கழற்றும் முன் இதையெல்லாம் பாருங்க!

கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல்... புதுக்கோட்டை மாவட்டத்தின் சுமார் 42 கிலோமீட்டர் கடற்கரையில் எந்த ஊரில் நின்றாலும், விடியற்காலையில் ஒரு சத்தம் கேட்கும். நண்டு வலை ஏற்றிய ஃபைபர் படகின் பின்பக்கம் தொங்கும் அவுட்போர்டு மோட்டாரின் சத்தம். அது சீராக ஒலித்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு நிம்மதி. திக்கித் திணறினால் கவலை.

பாக் நீரிணையில் வாரத்தில் 3 நாள் விசைப்படகுகளுக்கு, மற்ற 4 நாள் நாட்டுப்படகுகளுக்கு என்பது ஏற்பாடு. அந்த 4 நாளில் மோட்டார் கரையிலேயே மக்கர் செய்தால், போவது ஒரு நாள் வருமானம். நடுக்கடலில் நின்றுவிட்டால் கதையே வேறு. காற்றும் நீரோட்டமும் படகை இழுத்துப்போகும். 1974-ம் ஆண்டு ஒப்பந்தத்தில் வகுத்த இந்திய - இலங்கை எல்லைக்கோடு, இன்ஜின் நின்ற படகுக்குத் தெரியாது!

பழைய மோட்டார் மிஸ் அடித்தால் பலரும் முதலில் கை வைப்பது கார்பரேட்டரில். உண்மையில் அதைக் கடைசியில்தான் தொட வேண்டும். செலவில்லாத சோதனைகள் முதலில்.

எரிபொருள்தான் முதல் சந்தேகம்

புறப்பட்டு 10, 15 நிமிடம் நன்றாக ஓடிவிட்டு மோட்டார் திணறுகிறதா? டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைப் பாருங்கள். அது மூடியிருந்தால் உள்ளே காற்று போகாது. காற்று போகாவிட்டால் எரிபொருளும் வராது. திருகைத் திறந்ததும் சரியாகிவிட்டால், வேலை முடிந்தது.

அடுத்து, குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பம்பு. மோட்டார் திணறும்போது அதைக் கையால் அமுக்குங்கள். உடனே சீராக ஓடினால், எரிபொருள் போதுமான அளவு போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஃபில்டர் அடைப்பு, குழாய் இணைப்பில் காற்றுக் கசிவு, பழுதான ஃபியூயல் பம்ப் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணம்.

கொஞ்சம் எரிபொருளைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் தங்கினால், அதுதான் குற்றவாளி. இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20% எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோலை நம்பிக் கடலுக்குப் போகக் கூடாது.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் என்றால் இன்னொரு பழக்கம் முக்கியம். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலில் சிறிது நேரம் ஓடவிட வேண்டும். இல்லையென்றால் மறுநாள் ஸ்டார்ட் ஆவது கஷ்டம்.

பிளக் சொல்லும் சேதி

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். கறுத்து எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ஆயில் கலவை அதிகம், அல்லது பொறி பலவீனம். வெளுத்திருந்தால் சூடு அதிகம்.

இரண்டு சிலிண்டர் மோட்டாரில் எது வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்கவும் வழி உண்டு. மோட்டாரை நிறுத்திவிட்டு, ஒரு பிளக் வயரைக் கழற்றி இன்ஜின் உலோகத்தோடு எர்த் செய்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். சத்தத்தில் மாற்றமே இல்லையா? அந்த சிலிண்டர் ஏற்கெனவே ஓடவில்லை. ஓடும் மோட்டாரில் வெறுங்கையால் வயரைப் பிடுங்குவது ஆபத்து. பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில் இந்தச் சோதனையே வேண்டாம்.

புது பிளக் போட்டும் அதே சிலிண்டர் ஓடாவிட்டால், மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் இடையே 15 சதவிகிதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், கோளாறு இன்ஜினுக்கு உள்ளே இருக்கிறது.

கார்பரேட்டர் எப்போது?

இவ்வளவும் சரியாக இருந்து, மெதுவாக ஓடும்போது மட்டும் திணறி, வேகத்தில் நன்றாக ஓடினால் அப்போதுதான் கார்பரேட்டர். சிறிய ஜெட் அடைத்திருக்கும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். கிளீனர் அடித்து, காற்று ஊதினால் போதும்.

தினசரி இரண்டு பழக்கங்கள்

மோட்டார் ஓடும்போது பின்னால் பீச்சும் தண்ணீரைக் கவனியுங்கள். அது நின்றால் உடனே மோட்டாரை நிறுத்த வேண்டும்; இல்லையேல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் 10 நிமிடம் ஓடவிட்டால் உப்பு வெளியேறும். தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பார்க்கக் கூடாது, இம்பெல்லர் கருகிவிடும்.

படகில் எப்போதும் 2 பிளக், பிளக் ஸ்பேனர், ஸ்டார்ட்டர் கயிறு, நங்கூரம் இருக்கட்டும். மோட்டார் நின்றால் முதல் வேலை நங்கூரம் போடுவது. ரிப்பேர் அதற்குப் பிறகுதான். சரியாகவில்லை என்றால் தயங்காமல் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்களை அழைக்கலாம்.

கரையில் செலவழிக்கும் கால் மணி நேரம், கடலில் ஓர் இரவை மிச்சப்படுத்தும்!